வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆட எந்த போர்டு கேம் வாங்கலாம்? ஒரு முழுமையான வழிகாட்டி

கடையிலோ ஆன்லைனிலோ போர்டு கேம் தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது பெட்டிமேல் இருக்கும் படம், அப்புறம் விலை, அப்புறம் நட்சத்திர ரேட்டிங். இந்த மூன்றுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உலகமே கொண்டாடும் விளையாட்டு உங்கள் வீட்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு பரணுக்குப் போகலாம், பெயரே கேள்விப்படாத ஒன்று வருஷக்கணக்கில் ஓடலாம். நான் எதை வாங்கினாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்டுப் பார்ப்பேன். தன் முறை வரும்போது ஆடுகிறவர் உண்மையிலேயே ஒரு முடிவு எடுக்கிறாரா? அடுத்தவர் முறையில் காத்திருப்பவருக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?

பரமபதம் முதல் கேள்வியிலேயே அடிபட்டுவிடும். உருட்டுகிறோம், ஏணி வந்தால் ஏறுகிறோம், பாம்பு கடித்தால் இறங்குகிறோம், நம் கையில் ஒன்றுமில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த ஏற்ற இறக்கமே போதும், ஆனால் பதினொரு வயதுப் பையன் பத்து நிமிஷத்தில் எழுந்து போகிறான் என்றால் அவனைக் குறை சொல்ல முடியாது. ட்ரேட், பிசினஸ் என்ற பெயர்களில் நம் வீடுகளில் இருக்கும் மோனோபொலி வகை ஆட்டமோ இரண்டாவது கேள்வியில் விழும். ஒருவர் திவாலானால் மற்றவர்கள் முடிக்கும்வரை அவர் டி.வி. பார்க்க வேண்டியதுதான், அதற்குள் யார் ஜெயிப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துபோயிருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோனோபொலிக்கு மூலம், அமெரிக்காவில் லிஸ்ஸி மேகி என்ற பெண்மணி 1904-ல் காப்புரிமை வாங்கிய ஓர் ஆட்டம். நிலத்தை வைத்திருப்பவர் கொழுப்பதும் மற்றவர்கள் ஓட்டாண்டி ஆவதும் எவ்வளவு அநியாயம் என்று காட்டத்தான் அவர் அதை உருவாக்கினார். ஆக, அதை ஆடி முடித்ததும் வீட்டில் பாதிப் பேர் கடுப்பாக இருந்தால் ஆட்டம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம்!

சரி, படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: யார் யார் உட்காரப் போகிறார்கள்?

ஒரு தாளை எடுத்து ஆட்களின் வயதை எழுதுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் ஆள் கணக்கு இங்கேதான் காலை வாரும். நிறைய நவீன விளையாட்டுகள் நான்கு பேரோடு நின்றுவிடும். கட்டான் 3 முதல் 4 பேர்தான், ஐந்தாவது ஆறாவது ஆளுக்கு இன்னொரு பெட்டி தனியாக வாங்க வேண்டும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி என்றால் ஏற்கெனவே ஐந்து பேர் ஆகிவிட்டது. டிக்கெட் டு ரைடு, கார்கசோன் இரண்டும் ஐந்து பேர் வரை தாங்கும், டிக்ஸிட் பழைய பதிப்பு ஆறு பேர் வரை, புதியது எட்டு பேர் வரை. அதற்கு மேல் கூட்டம் என்றால் அணி பிரிந்து ஆடும் ஆட்டங்கள்தான் சரிப்படும்.

அடுத்து, பாட்டியின் கண். சீட்டுகளில் பொடி எழுத்தில் ஆங்கிலம் ஓடும் விளையாட்டு என்றால் ஒவ்வொரு முறையும் பேரன் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிப் படித்தால் கையில் இருக்கும் ரகசியமும் போய்விடும், பாட்டிக்கும் இரண்டு ரவுண்டில் அலுத்துவிடும். எழுத்தே இல்லாத விளையாட்டுகள் ஏராளம். அஸூலில் ஐந்து நிறத்தில் நூறு ஓடுகள், அவ்வளவுதான். கார்கசோனில் படம் போட்ட சதுர அட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து ஊரும் சாலையும் உருவாக்குகிறோம். ப்ளோகஸில் ஆளுக்கு 21 துண்டுகள், உங்கள் நிறத்துத் துண்டுகள் ஒன்றையொன்று மூலையில் மட்டும்தான் தொடலாம், பக்கத்தில் தொடக்கூடாது. விதி இவ்வளவுதான், தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ரம்மி ஆடிப் பழகிய பெரியவர்கள் இருந்தால் ரம்மிக்யூப் வாங்குங்கள், சீட்டுக்குப் பதில் எண் போட்ட கட்டைகள். செட் சேர்ப்பது எப்படி என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், அவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

இரண்டாம் படி: நேரக் கணக்கு

பெட்டியில் 45 நிமிஷம் என்று போட்டிருந்தால் அது விதி தெரிந்தவர்களுக்கு. முதல் தடவை அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல்தான் எல்லோரும் ஒன்றாக உட்கார முடியும், மறுநாள் பள்ளிக்கூடம் என்ற வீட்டில் ஒன்றரை மணி நேர ஆட்டத்துக்கு வாய்ப்பே இல்லை. அங்கே 15, 20 நிமிஷத்தில் முடிகிற கிங்டொமினோ மாதிரியான ஒன்றுதான் அடிக்கடி மேஜைக்கு வரும். நல்ல ஆட்டம் என்றால் அதையே இன்னொரு தடவை போடலாம், முதல் ஆட்டத்தில் தோற்ற குழந்தைக்கு அது பெரிய ஆறுதல்.

கிங்டொமினோவில் எனக்கு ரொம்பப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு அட்டைகளை வரிசையாக வைப்பார்கள், மேலே சுமாரானது, கீழே போகப் போக நல்லது. நல்லதை எடுத்தால் அடுத்த சுற்றில் கடைசியாகத்தான் தேர்வு செய்ய முடியும், சுமாரானதை எடுத்தால் அடுத்த முறை முதல் ஆள் நீங்கள். ‘இப்போ லாபமா, அடுத்த தடவை முன்னுரிமையா’ என்று எட்டு வயதுக் குழந்தை தலையைச் சொறிந்துகொண்டு யோசிப்பதைப் பார்க்க வேண்டும். கடைசியில் மதிப்பெண் போடும்போது கட்டங்களின் எண்ணிக்கையைக் கிரீடங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும் என்பதால் வாய்ப்பாடும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது.

மூன்றாம் படி: அதிர்ஷ்டம் எவ்வளவு, அறிவு எவ்வளவு?

இதில்தான் பெரும்பாலான வீடுகள் தடுக்கி விழுகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு முனையில் பரமபதம், முழுக்க அதிர்ஷ்டம். மறுமுனையில் சதுரங்கம், அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. அகாடமிக்குப் போகிற அக்காவும் போகாத தம்பியும் சதுரங்கம் ஆடினால் பத்துக்குப் பத்து அக்காதான். தம்பி எத்தனை நாள் உட்காருவான்? குடும்பத்துக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது: அதிர்ஷ்டம் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும், ஆனால் அந்த அதிர்ஷ்டத்தை வைத்து என்ன செய்வது என்பது நம் கையில் இருக்க வேண்டும்.

நம் தாயக்கட்டை இதற்கு நல்ல உதாரணம். கட்டை என்ன சொல்லும் என்பது யாருக்கும் தெரியாது, ஆனால் விழுந்த எண்ணை எந்தக் காய்க்கு வைப்பது, வெட்டுவதா, பத்திரமான கட்டத்துக்குப் போய் உட்காருவதா, புதுக்காய் இறக்குவதா என்பது உங்கள் மூளை. தாயத்தைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள், விவரமான ஒரு அத்தையோடு ஆடிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

கட்டானும் அதே நடுப்பாதைதான், கணக்கு மட்டும் இன்னும் அழகு. ஜெர்மனியின் கிளவுஸ் டாய்பர் உருவாக்கி 1995-ல் வந்த ஆட்டம் இது. 19 அறுகோணங்கள் கொண்ட ஒரு தீவு, மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது என்று ஐந்து பொருட்கள், முதலில் 10 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார். இரண்டு பகடை உருட்டும்போது மொத்தம் 36 விதமாக விழலாம், அதில் 7 வர ஆறு வழி, 6-க்கும் 8-க்கும் ஐந்தைந்து வழி, 2-க்கும் 12-க்கும் ஒரே ஒரு வழி. அதனால் 6, 8 எண் போட்ட நிலத்தின் ஓரத்தில் வீடு கட்டியவருக்குப் பொருள் அடிக்கடி வரும், 12-ஐ நம்பியவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதைச் சொல்லித்தரக்கூட வேண்டாம், எண் வில்லையிலேயே புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறார்கள், அதிகம் வருகிற 6-ம் 8-ம் சிவப்பில் இருக்கும். இரண்டாவது கேள்விக்கும் கட்டான் நல்ல பதில் சொல்கிறது: யார் உருட்டினாலும் அந்த எண் நிலத்தில் வீடு உள்ள எல்லோருக்கும் பொருள் கிடைக்கும், உருட்டியவரோடு ‘ஆடு தர்றேன், செங்கல் தர்றியா’ என்று யாரும் பேரம் பேசலாம். பேரம் பேசத் தெரிந்த அம்மா இருக்கும் வீட்டில் கட்டான் வேறு ஒரு தினுசாகிவிடும்.

நான்காம் படி: வீட்டில் எவ்வளவு சண்டை தாங்கும்?

கட்டானில் 7 விழுந்தால் திருடனை நகர்த்தி ஒருவரிடமிருந்து ஒரு சீட்டைப் பிடுங்கலாம். சில வீடுகளில் இது சிரிப்பு, சில வீடுகளில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. உங்கள் வீடு எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நேரடியாக அடித்துக்கொள்ளாத ஆட்டம் வேண்டுமென்றால் டிக்கெட் டு ரைடு நல்ல தொடக்கம். ஆலன் மூன் உருவாக்கி 2004-ல் வந்தது, எட்டு வயதுக்கு மேல் யாரும் ஆடலாம். உங்கள் முறையில் மூன்றில் ஒன்று செய்யலாம்: வண்ணச் சீட்டு எடுக்கலாம், சேர்த்த சீட்டைக் கொடுத்து ஒரு ரயில் பாதையைப் பிடிக்கலாம், அல்லது ‘இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு’ என்று இன்னும் சில டிக்கெட் வாங்கலாம். டிக்கெட்டை முடித்தால் புள்ளி கூடும், முடிக்காவிட்டால் அதே புள்ளி கழியும். ஆசைப்பட்டு அதிகம் எடுத்துவிட்டுக் கடைசியில் முழிப்பது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

தோல்வியையே தாங்காத குழந்தை இருந்தால், எல்லோரும் ஒரே பக்கம் நின்று ஆட்டத்தை எதிர்த்து ஆடும் கூட்டுறவு விளையாட்டுகளைப் பாருங்கள். மேட் லீகாக் உருவாக்கிய பேண்டமிக் (2008) இதில் பிரபலம். உலக வரைபடத்தில் 48 நகரங்கள், நான்கு நோய்கள், நான்குக்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லோருக்கும் வெற்றி. அந்த 48-ல் நம்ம சென்னையும் உண்டு! மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என்று ஐந்து ஊர்களோடு கோடு போட்டு இணைத்திருப்பார்கள். சென்னையில் ஏற்கெனவே மூன்று நோய்க்கட்டைகள் இருந்து நான்காவது வரவேண்டிய நிலை வந்தால் ‘வெடித்து’ இந்த ஐந்து ஊருக்கும் பரவும். அதைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ‘முதல்ல சென்னைக்குப் போ’ என்று கத்துவார்கள்.

ஆனால் கூட்டுறவு விளையாட்டுகளுக்கு ஒரு வியாதி உண்டு. விவரம் தெரிந்த ஒருவர், பெரும்பாலும் அப்பா, எல்லோருக்கும் கட்டளை போட ஆரம்பித்துவிடுவார். அப்புறம் மற்ற மூன்று பேரும் அவருக்காகக் காய் நகர்த்தும் கைகள்தான். ‘யோசனை சொல்லலாம், ஆனால் யார் முறையோ அவர் சொல்வதே முடிவு’ என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அதுவும் எடுபடவில்லை என்றால் ஹனாபி வாங்குங்கள், சின்னச் சீட்டுப்பெட்டிதான். அதில் உங்கள் கைச்சீட்டு உங்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும், வரையறுத்த குறிப்புக்கு மேல் யாரும் வாய் திறக்கக்கூடாது. அப்பாவை அடக்க இதைவிட நாகரிகமான வழி இல்லை.

ஐந்தாம் படி: கற்பனைக்கு இடம் இருக்கிறதா?

வியூகம் எல்லோருக்கும் ஒத்துவராது. கணக்குப் போட்டு ஆடுவதில் எப்போதும் தோற்கிற ஒருவர், கதை சொல்லச் சொன்னால் வீட்டையே கட்டிப்போடுவார். அவருக்காகவே ஒரு பெட்டி தனியாக வேண்டும், என் ஓட்டு டிக்ஸிட்டுக்கு. கனவு மாதிரியான 84 படச் சீட்டுகள். உங்கள் கையில் ஒரு சின்னப் பையன் பெரிய புத்தகத்தின்மேல் நிற்கிற படம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு குறிப்பு சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைக்கிறீர்கள், மற்றவர்கள் அந்தக் குறிப்புக்குப் பொருந்துவது போலத் தங்கள் கையிலிருந்து ஒன்று போடுகிறார்கள், கலக்கி விரித்து வைத்து உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். சூட்சுமம் மதிப்பெண்ணில் இருக்கிறது. எல்லோரும் கண்டுபிடித்தாலும் உங்களுக்குப் பூஜ்யம், ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். ‘புத்தகம்’ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சம்பந்தமே இல்லாமல் ‘செவ்வாய்க்கிழமை’ என்றால் யாருக்கும் புரியாது. ‘பரீட்சைக்கு முந்தின ராத்திரி’ என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் பிடிப்பார்கள், பாதிப் பேர் வேறு படத்தில் ஏமாறுவார்கள். எழுத்தே இல்லாததால் முழுக்கத் தமிழிலேயே ஆடலாம், குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த பழைய கதைகளை எல்லாம் குறிப்பாக இழுத்து விடலாம்.

காசே செலவழிக்காமலும் ஒன்று செய்யலாம். கோட்நேம்ஸ் 2015-ல் வந்த வார்த்தை விளையாட்டு, இரண்டு அணி, நான்கு பேருக்குமேல் எத்தனை பேர் இருந்தாலும் சரி. கடையில் கிடைப்பது ஆங்கில வார்த்தைகளோடு வரும், ஆனால் தமிழில் நாமே எழுதிக்கொள்வது ஒரு மணி நேர வேலை, அந்த வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு சொல், நூறு துண்டு போதும். ஆறு, படி, மாலை, மணி, திங்கள் மாதிரி ஒன்றுக்குமேல் அர்த்தம் உள்ள சொற்களாகப் பார்த்துப் போடுங்கள். 25 துண்டுகளை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்பி, தலைவர்கள் இருவர் மட்டும் பார்க்கும்படி ஒரு தாளில் அதே ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து, முதலில் ஆடும் அணிக்கு 9, அடுத்த அணிக்கு 8, யாருக்கும் சேராதது 7, தொட்டால் செத்தோம் என்பது 1 என்று குறித்துக்கொள்ள வேண்டும். தலைவர் ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டும் சொல்லலாம், எண் எத்தனை துண்டு என்பதற்கு; அதை வைத்து அணி தன் துண்டுகளைத் தொட்டுக் காட்ட வேண்டும். ‘கோயில், 3’ என்கிறார், மனதில் இருப்பது மாலை, படி, மணி. ஆனால் மேஜையில் ‘கோபுரம்’ என்ற சொல்லும் இருக்கிறது, அதுதான் தொட்டால் செத்தோம்! அணியில் யாராவது ஆர்வக்கோளாறில் கோபுரத்தின்மேல் கை வைத்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது.

இதோடு சேர்த்து ஆடு புலி ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சாக்பீஸால் தரையில் முக்கோணமும் அதற்குள் கோடுகளும் வரைந்தால் பலகை தயார், காய்க்குப் புளியங்கொட்டையும் மூன்று கூழாங்கல்லும். ஒருவருக்கு 3 புலி, ஒருவருக்கு 15 ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும், ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். எல்லா ஆட்டையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆடும் நகர முடியாது என்பதுதான் இதன் உயிர். முதலில் குழந்தைக்குப் புலியைக் கொடுங்கள், அது சுலபம். வெட்டுவது அலுத்த பிறகு பக்கம் மாற்றுங்கள், அப்போதுதான் வியூகம் ஆரம்பிக்கும்.

ஆறாம் படி: வாங்குவதற்கு முன்

ஜெர்மனியில் 1979 முதல் ஆண்டுதோறும் கொடுக்கும் ஸ்பீல் டெஸ் யாரெஸ் என்ற விருது உண்டு. அதன் முத்திரையில் சிவப்பு நிறக் காய் இருந்தால் அது குடும்பங்களுக்கான விருது. நீலம் சின்னக் குழந்தைகளுக்கு, கருஞ்சாம்பல் கொஞ்சம் பழகியவர்களுக்கு. கட்டான் (1995), கார்கசோன் (2001), டிக்கெட் டு ரைடு (2004), டிக்ஸிட் (2010), கோட்நேம்ஸ் (2016), கிங்டொமினோ (2017), அஸூல் (2018) எல்லாம் சிவப்புதான். எதுவுமே தெரியாமல் கடைக்குள் போனாலும் அந்தச் சிவப்புக் காயைப் பார்த்து எடுத்தால் பெரும்பாலும் தப்பு நடக்காது. போர்டுகேம்கீக் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ‘எடை’ என்று 5-க்கு ஒரு எண் இருக்கும், எவ்வளவு சிக்கலானது என்பதற்கு. முதல் பெட்டிக்கு இரண்டையோ அதற்குக் கீழேயோ பாருங்கள். எத்தனை பேர் ஆடினால் நன்றாக இருக்கும் என்று ஆடியவர்கள் ஓட்டுப் போட்டிருப்பதையும் அங்கே பார்க்கலாம். அதன் தரவரிசைப் பட்டியலை மட்டும் அப்படியே நம்பி வாங்க வேண்டாம், அது வாரம் தவறாமல் மூன்று மணி நேர ஆட்டம் போடுகிறவர்களின் ரசனை.

விதிப் புத்தகத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் பி.டி.எஃப். ஆக இலவசமாகவே போட்டிருக்கும், வாங்கும் முன் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அநேகமாகப் போலி. போலியில் பெரிய தொல்லை படம் மங்கலாக இருப்பதில்லை, சீட்டுகளின் பின்பக்க நிறம் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது. பின்பக்கம் பார்த்தே எந்தச் சீட்டு என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன ரகசியம்? பக்கத்தில் போர்டு கேம் கஃபே இருந்தால் ஒரு மாலை போய் ஆடிப் பார்த்துவிட்டு வாங்குவது எல்லாவற்றையும்விட மேல்.

ஏழாம் படி: முதல் நாள்

பெட்டியைப் பிரித்துவிட்டு எல்லோர் முன்னாலும் விதிப் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்காதீர்கள். ஒருவர் முந்தின நாளே வீடியோ பார்த்து, காயை அடுக்கித் தனியாக இரண்டு சுற்று ஆடிப் பார்த்துவிட வேண்டும். சொல்லித்தரும்போது முதலில் எப்படி ஜெயிப்பது, அப்புறம் ஆட்டம் எப்போது முடியும், அப்புறம் உன் முறையில் நீ என்ன செய்யலாம், இந்த வரிசையில் சொல்லுங்கள். விதிவிலக்குகளை அந்தந்த நேரம் வரும்போது சொன்னால் போதும். கார்கசோனில் வயல்களுக்கான விதியை முதல் சில ஆட்டங்களுக்கு அப்படியே விட்டுவிடலாம், யாருக்கும் குறை தெரியாது. முதல் சுற்றைக் கையில் உள்ளதை விரித்துக் காட்டியே ஆடுங்கள்.

குழந்தைக்காகத் தெரிந்தே தோற்பது வேண்டாம், ஏழு வயதிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். சின்னவனை ஐந்து புள்ளி முன்னால் தொடங்க விடுங்கள், இல்லையென்றால் பாட்டியும் பேரனும் ஒரே அணி என்று சேர்த்துவிடுங்கள்.

ஒரு பெட்டி நன்றாக ஓடினால் உடனே அதற்கே இணைப்புப் பெட்டி வாங்கத் தோன்றும். அந்தப் பணத்துக்கு வேறு ரகத்தில் ஒன்று வாங்குங்கள்: முதலாவது வியூகம் என்றால் அடுத்தது கதை, முதலாவது நீளம் என்றால் அடுத்தது இருபது நிமிஷம். மூன்று தடவை எடுத்துவைத்தும் யாரும் உட்காரவில்லை என்றால் அதை உறவுக்காரர் வீட்டோடு மாற்றிக்கொள்ளலாம், அதற்காகவாவது காய்களை நிறவாரியாக ஜிப் பையில் போட்டு எண்ணி வையுங்கள். டிக்கெட் டு ரைடில் ஒரு நிறத்துக்கு 45 ரயில் பெட்டிகள், ஒன்றிரண்டு சோபாவுக்கு அடியில் போகத்தான் செய்யும், அதற்கென்றே உபரியும் கொடுத்திருக்கிறார்கள்.